கல்வெட்டு சொல்லாத கணக்கு மண்ணில் இருக்கிறது

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மன்னர்களின் பெயர்களைக் கல் காப்பாற்றி வைத்திருக்கிறது. உழைத்து வாழ்ந்த சனங்களின் தடத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது மண். அந்த மண்ணைப் படிக்கும் வேதியியல் நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மண்தான் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். அங்குள்ள அழகிய நரசிங்கப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஒரு கல்லூரியின் வரவு செலவுக் கணக்கு அது. இளநிலை மாணவர்கள் 270 பேர். மேல்நிலை மாணவர்கள் 70 பேர். ஆசிரியர்கள் 14 பேர். இளநிலை மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மேல்நிலை மாணவருக்கு ஒரு குறுணி 2 நாழி நெல் என்று அளந்து எழுதியிருக்கிறார்கள்.

8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். கூட்டிப் பார்த்தால் மாணவர்களுக்கு மட்டும் தினமும் 24 கலத்துக்கு மேல் நெல் அளந்திருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு வேறு செலவுகளுக்குப் போயிருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், தினந்தோறும் அவ்வளவு நெல்லை யாரோ குத்தியிருக்க வேண்டும். உமியும் தவிடும் எங்கோ குவிந்திருக்க வேண்டும். அடுப்புச் சாம்பலை யாரோ அள்ளிக் கொட்டியிருக்க வேண்டும். அந்தக் குத்துக்களம் எங்கே இருந்தது? மடைப்பள்ளி எங்கே? மாணவர்கள் படுத்துறங்கிய இடம் எது? உழைத்தவர்களின் குடியிருப்பு ஊரின் எந்தப் பக்கம்?

நாழிக் கணக்கு வரை எழுதிய கல்வெட்டு இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவது அதன் வேலையும் அல்ல. கொடை யாருடையது, யாருக்கு உரியது என்று பதிவதோடு அதன் கடமை முடிந்தது. மீதிக் கதைக்குச் சாட்சி, காலடி மண் ஒன்றுதான்.

மண்ணில் தங்கும் மணிச்சத்து

மனிதன் ஓரிடத்தில் தங்கி வாழ்ந்தால் அந்த மண்ணின் சேர்மானம் மாறிவிடும். நெல்லும் கம்பும் வயலில் இருந்து வீட்டுக்கு வருகின்றன. மீன் ஆற்றில் இருந்தும், விறகு காட்டில் இருந்தும், பால் மேய்ச்சல் நிலத்தில் இருந்தும் வருகின்றன. நாலா திசைகளிலும் இருந்து வரும் சத்துகள் எல்லாம் கடைசியில் சாம்பலாக, எலும்பாக, எச்சிலாக, சாணமாக, கழிவாக ஊர் மண்ணிலேயே சேர்கின்றன.

இவற்றில் தழைச்சத்து நிலைக்காது. கொஞ்சம் காற்றோடு போகும், கொஞ்சம் மழைநீரோடு போகும். சாம்பல் சத்தும் பெருமளவு கரைந்து போகும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அப்படிப்பட்டதல்ல. செம்மண்ணாக இருந்தால் இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து இறுகிக்கொள்ளும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணாக இருந்தால் கால்சியத்தோடு சேர்ந்துகொள்ளும். எங்கே விழுந்ததோ அங்கேயே ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகள் கிடக்கும்.

இது நம் விவசாயிகளுக்குத் தெரியாத செய்தி அல்ல. செம்மண் கொல்லையில் சூப்பர் பாஸ்பேட்டைக் கொட்டினால் பயிருக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான், மிச்சத்தை மண் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை விடுவிக்கத்தான் பாஸ்போபாக்டீரியா போடச் சொல்கிறார்கள் வேளாண் அலுவலர்கள். உழவனுக்கு இடைஞ்சலாக இருக்கும் இந்தக் குணமே தொல்லியலாளருக்குப் பெரும் கொடை. மண் பிடித்து வைத்ததைத்தான் அவர் தேடுகிறார்.

மணிச்சத்து மட்டுமல்ல. அடுப்பெரிந்த இடத்தில் சாம்பலால் காரத்தன்மை கூடும், பொட்டாசியமும் கால்சியமும் ஏறும். தீயில் வெந்த மண்ணில் இரும்புத் தாதுக்கள் உருமாறி, காந்தத்துக்கு இணங்கும் தன்மை பெருகும். கன்னார் பட்டறை இருந்த இடத்தில் செம்பு, ஈயம், துத்தநாகம் படியும். மீனையும் எலும்பையும் கொட்டிய இடத்தில் கால்சியமும் ஸ்ட்ரான்ஷியமும் மிகும். மனிதக் கழிவு, மாட்டுச் சாணம் இரண்டும் வெவ்வேறு வகைக் கொழுப்பு மூலக்கூறுகளை மண்ணில் விட்டுச் செல்லும். அவற்றைப் பிரித்தறிந்தால், இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்களா, மாடுகள் கட்டிக்கிடந்தனவா என்றுகூடச் சொல்லிவிடலாம். ஒரு தனிமத்தை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. பல தனிமங்கள் சேர்ந்து ஒரே இடத்தைச் சுட்டும்போதுதான் அங்கே ஒரு வீடோ பட்டறையோ கொட்டிலோ தெளிவாகத் தெரியத் தொடங்கும்.

சர்க்கரை ஆலைக்காக எடுத்த மண்

இந்த அறிவியல் பிறந்த இடம் தொல்லியல் கூடம் அல்ல, விளைநிலம். சுவீடன் நாட்டில் ஓலோஃப் அர்ரேனியஸ் என்ற வேளாண் வேதியியலாளர் இருந்தார். நோபல் பரிசு பெற்ற வேதியியல் மேதை ஸ்வாந்தே அர்ரேனியஸின் மகன். 1920-களில் சர்க்கரைக் கிழங்கு விளையும் நிலங்களைச் சர்க்கரை நிறுவனத்துக்காகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். எந்த நிலத்துக்கு எவ்வளவு உரம் தேவை என்று கண்டறிவதே நோக்கம். வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, சில இடங்களில் மட்டும் பாஸ்பேட் காரணமில்லாமல் உயர்ந்து நின்றது. பழைய ஊர்கள் இருந்து அழிந்த இடங்களோடு அவை பொருந்தின. 1929-லும் 1931-லும் அவர் வெளியிட்ட கட்டுரைகளில் இருந்து இந்தத் துறை வளர்ந்தது.

விழுப்புரம் மாவட்டமும் கரும்பு விளையும் பூமிதான். முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலைக்கு வண்டி வண்டியாகக் கரும்பு போவதை நெடுஞ்சாலையில் போகிற எவரும் பார்க்கலாம். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று இந்தியா முழுக்க விதைத்த நிலக்கடலை ரகங்களில் ‘டி.எம்.வி.’ என்பது திண்டிவனத்தைக் குறிக்கும். மண்ணைச் சோதித்து, விதையைத் தேர்ந்து, மகசூல் கணக்குப் பார்ப்பது இந்த ஊருக்குப் பழகிய வேலை. அர்ரேனியஸுக்குக் கிடைத்த அதே வாய்ப்பு நமக்கும் வாசலில் நிற்கிறது.

2015-ல் மத்திய அரசு தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் என 12 அளவுகளை அந்த அட்டை தருகிறது. பழைய குடியிருப்பைத் தேடும் ஆய்வாளர் கேட்கும் பட்டியலும் ஏறக்குறைய இதுதான்.

வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, இடைவெளி. மண் வள அட்டைக்குப் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி போதும். அந்த இடைவெளியில் ஒரு முழுக் கிராமமே நழுவிப் போய்விடும். தொல்லியலுக்குப் பத்து மீட்டருக்கு ஒன்று, வீட்டுத் தரையாக இருந்தால் மீட்டருக்கு ஒன்று என்று எடுக்க வேண்டும். இரண்டாவது, ஆழம். விவசாயி மேல் மண்ணை ‘வி’ வடிவில் வெட்டி 15 சென்டிமீட்டர் வரை எடுப்பார். அந்த மேல் மண்ணில்தான் டி.ஏ.பி.யும் சூப்பர் பாஸ்பேட்டும் கலந்திருக்கும். பழைய கணக்கு வேண்டுமென்றால் ஏர் போகும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். பயிர் எடுத்துக்கொள்ளும் மணிச்சத்தை மட்டும் அளந்தால் போதாது. மண் இறுக்கி வைத்திருக்கும் மொத்தத்தையும் வலுவான அமிலத்தில் கரைத்து அளக்க வேண்டும். பக்கத்திலேயே, மனிதர் குடியிருந்த சுவடு இல்லாத இடத்து மண்ணையும் எடுத்து ஒப்பிட்டாக வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

இரண்டு சொட்டு, இரண்டு நிமிடம்

களத்திலேயே செய்து பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. ராபர்ட் ஐட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1973-ல் அதைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார். சாம்பல் தங்காத வடிதாள் ஒன்றின் நடுவில் சிட்டிகைக்கும் குறைவாக, சுமார் 50 மில்லிகிராம் மண்ணை வைக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அமோனியம் மாலிப்டேட் கலந்த கரைசலில் இருந்து இரண்டு சொட்டு. அமிலம் மண்ணில் இருக்கும் பாஸ்பேட்டை வெளியே இழுக்கும், மாலிப்டேட் அதைப் பிடித்துக்கொள்ளும். அரை நிமிடம் கழித்து அஸ்கார்பிக் அமிலக் கரைசலில் இருந்து இரண்டு சொட்டு. நாம் வைட்டமின் சி என்று மாத்திரையாக விழுங்குவது இதைத்தான்.

வடிதாளில் மண்ணைச் சுற்றி நீல நிறம் கசியத் தொடங்கும். பாஸ்பேட் மிகுந்த மண்ணில் நீலம் சட்டென்று எழுந்து, அடர்ந்த வளையமாகப் பரவி, வளையத்தில் இருந்து கதிர்கள் நீளும். வறிய மண்ணில் மங்கலான நிழல் மட்டும் படியும். எவ்வளவு விரைவில் வந்தது, வளையம் எவ்வளவு அகலம், கதிர்கள் எவ்வளவு நீளம் என்று இரண்டு நிமிடத்துக்குள் பார்த்து, ஒன்றில் இருந்து ஐந்து வரை தரம் போடுகிறார்கள். துல்லியமான அளவை இது தராது. ஆனால் நூறு இடங்களில் எடுத்த மண்ணில் எந்தப் பத்து இடங்களை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடும். கல்லூரி வேதியியல் கூடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் செய்யக்கூடிய சோதனை இது.

எலும்பு கரைந்தாலும் தடம் கரையாது

விழுப்புரம் மாவட்டம் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் நிறைந்த பகுதி. கல்வட்டங்கள், கல்திட்டைகள், தாழிகள், கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள் எல்லாம் இந்த வட்டாரத்தில் கிடைக்கின்றன. உடையார்நத்தத்தில் மனித உருவச் சாயலில் செதுக்கிய பெருங்கல் நிற்கிறது. புதுச்சேரியை ஒட்டிய சுத்துக்கேணி, முத்திரைப்பாளையம் பகுதிகளில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் தம்பதியர் ஈமக்காடுகளைத் தோண்டி, 1956-ல் நூலாக வெளியிட்டார்கள். திண்டிவனத்துக்கு வடமேற்கே வந்தவாசி வட்டத்தில் உள்ள கீழ்நமண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்த ஈமப்பேழை ஒன்றின் காலம் கி.மு. 1692 என்று 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை சொல்கிறது.

ஈமக்குழிகளில் ஆய்வாளர்களை அடிக்கடி திகைக்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. பானை இருக்கிறது, இரும்புக் கருவி இருக்கிறது. எலும்பைக் காணோம். இங்கே உடலை வைத்தார்களா, சில எலும்புகளை மட்டும் வைத்தார்களா, அல்லது நினைவுக்காக எழுப்பிய வெற்றுச் சின்னமா? அமிலத்தன்மை உள்ள செம்மண்ணில் எலும்பு நிலைப்பதில்லை. கரைந்து போய்விடும். கரைந்த எலும்பின் பாஸ்பேட் எங்கும் போவதில்லை. சுற்றியுள்ள மண்ணின் இரும்பு அதைப் பிடித்துக்கொள்கிறது.

இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939-ல் தோண்டியெடுத்த கப்பல் ஈமச்சின்னத்தில் பொன்னும் வெள்ளியும் குவிந்து கிடந்தன. உடல் மட்டும் இல்லை. வெற்றுச் சமாதியோ என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 1960-களில் மண்ணையும் பொருட்களையும் பாஸ்பேட்டுக்காகச் சோதித்தபோது, உடல் கிடந்திருக்க வேண்டிய பகுதியில் அளவு உயர்ந்திருந்தது. அங்கே ஒருவரைக் கிடத்தியிருந்தார்கள், அமில மண் அவரைக் கரைத்துவிட்டது என்ற முடிவுக்கு அது வலுச் சேர்த்தது.

நம் செம்மண் ஈமக்காடுகளிலும் இதே சோதனை செல்லுபடியாகும். தாழிக்குள் அடிமண், தாழியின் விளிம்பு மண், தாழிக்கு வெளியே ஓரடி தள்ளி எடுத்த மண், கல்வட்டத்துக்கு அப்பால் எடுத்த மண் என நான்கு இடங்களில் எடுத்துப் பார்த்தாலே விடை தெரியத் தொடங்கும். தாழிக்குள் இருந்து அள்ளிய மண்ணைச் சலித்துப் பாசிமணி தேடிவிட்டு, சலித்த மண்ணை ஓரமாகக் கொட்டிவிடும் பழக்கம் நின்றாக வேண்டும். கைப்பிடி மண்ணாவது பையில் கட்டி, இடமும் ஆழமும் எழுதி வைக்க வேண்டும்.

சாம்பல் மேடும் சாணி மெழுகிய தரையும்

இந்தியத் தொல்லியலுக்கு மண் வேதியியல் புதிதல்ல. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானாவில் பெரும் சாம்பல் மேடுகள் இருக்கின்றன. எரிமலைச் சாம்பல் என்றார்கள், இரும்பு உருக்கிய கசடு என்றார்கள். ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்தில் உள்ள மேட்டை வாலியைத் தகனம் செய்த சாம்பல் என்று மக்கள் இன்றும் சொல்கிறார்கள். 1957-ல் உட்னூரில் தோண்டிய ரேமண்ட் ஆல்சின், மாடுகளின் குளம்புத் தடங்களைக் கண்டார். லண்டனில் பணியாற்றிய ஸாய்னர் இத்தகைய மேட்டுச் சாம்பலை ஆராய்ந்து, புல் தின்ற மாட்டின் சாணத்தில் இருக்கும் சிலிக்கா அதில் நிறைந்திருப்பதை 1960-ல் காட்டினார். புதிய கற்கால மக்கள் மாட்டுப்பட்டி அமைத்து, குவிந்த சாணத்தை எரித்த இடங்கள் அவை என்பது உறுதியானது. குப்கல் சாம்பல் மேட்டைப் புணே டெக்கான் கல்லூரியின் மஜும்தாரும் ராஜகுருவும் ஆராய்ந்து 1966-ல் வெளியிட்டார்கள். நூறாண்டு வாதத்தை ஒரு பிடி சாம்பல் தீர்த்து வைத்தது.

அண்மைக் காலத்தில் வேலை வீட்டுக்குள் வந்திருக்கிறது. வட குஜராத்தில் ஒரு கிராமத்து வீட்டின் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மண் எடுத்து, தனிமங்களையும் செடிகளின் சிலிக்கா துகள்களையும் அளந்தார்கள் ஆய்வாளர்கள். அங்கே எங்கே சமைத்தார்கள், எங்கே தானியம் வைத்தார்கள் என்பது தெரியும் என்பதால், மண் சொல்வது சரியா என்று சோதிக்க முடிந்தது. ரோந்தெல்லி குழுவினரின் அந்தக் கட்டுரை 2014-ல் வெளிவந்தது. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரில் எரிமலைச் சாம்பல் மூடிய ஹோயா தே செரென் என்ற மாயா கிராமத்திலும் இப்படித்தான். பாத்திரமும் பண்டமும் வைத்தது வைத்தபடி கிடைத்ததால், மண் வேதியியல் சொல்லும் கதையைக் கண்ணால் சரிபார்க்க முடிந்தது.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வைச் செய்பவர், நம் வீட்டின் பழக்கவழக்கம் தெரிந்தவராக இருக்க வேண்டும். நம் வீடுகளில் தரையைச் சாணியால் மெழுகினார்கள். வாசலில் சாணி தெளித்தார்கள். அப்படியானால் வீடு முழுக்க மணிச்சத்து ஒரே அளவில் உயர்ந்திருக்கும். வெளிநாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்தவர் இங்கே மாடு கட்டினார்கள் என்று எழுதிவிடுவார். மண்ணைச் சீவி, மெல்லிய தகடாக்கி, நுண்ணோக்கியில் பார்த்தால் மெழுகிய பூச்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கடுக்காகத் தெரியும். கொட்டிலில் மிதிபட்ட சாணத்துக்கு அந்த அடுக்கு வராது.

அறுவடை முடிந்த கொல்லையில் ஆட்டுக்கிடை போடும் வழக்கமும் அப்படியே. கிடை போட்ட நிலத்தில் மணிச்சத்து பரவலாக, மிதமாக ஏறும். குடியிருந்த நத்தத்தில் ஓரிடத்தில் குவிந்து, ஆழம் வரை இறங்கியிருக்கும். இந்த வேறுபாட்டை ஆய்வாளருக்குச் சொல்லித் தர கிராமத்துப் பெரியவர்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

மண்ணால் சொல்ல முடியாததும் உண்டு. மணிச்சத்து எந்த நூற்றாண்டில் சேர்ந்தது என்று அது சொல்லாது. அதற்கு அதே அடுக்கில் கிடைக்கும் கரித்துண்டும் பானை ஓடும் வேண்டும். ஒரே இடத்தில் பத்துத் தலைமுறைகள் வாழ்ந்திருந்தால் எல்லாருடைய தடமும் கலந்துதான் கிடக்கும். அகழாய்வோடு கைகோத்தால் மட்டுமே மண் வேதியியல் முழுப்பயன் தரும்.

இங்கே எங்கே தொடங்கலாம்?

எண்ணாயிரத்தில் தொடங்கலாம். கோயிலைச் சுற்றியுள்ள காலி நிலங்களில் பத்து மீட்டர் இடைவெளியில் மண் எடுத்தால், தினமும் 24 கல நெல் புழங்கிய ஓர் இடத்தின் உமிச் சிலிக்காவும் சாம்பலும் எந்தப் பக்கம் குவிந்திருக்கின்றன என்று தேடலாம். சோழர் காலக் கல்வியைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. அந்தக் கல்விக்குச் சோறு போட்ட கைகளைப் பற்றி எழுத, இந்த மண்ணைப் புரட்டியாக வேண்டும்.

திண்டிவனம் நகருக்குள்ளேயே இருக்கும் கிடங்கலில் தேடலாம். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர் அது. அதே நூல் பேசும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு இணைத்துப் பார்க்கிறார்கள் அறிஞர்கள். மரக்காணத்தில் இன்றும் உப்பளம் இருக்கிறது. கடலோர மண்ணில் உப்பு எல்லா இடத்திலும் இருக்கும் என்பதால் அங்கே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். மீன் எலும்பின் கால்சியமும் பாஸ்பேட்டும் எங்கே குவிகின்றன, செம்பும் ஈயமும் எங்கே தென்படுகின்றன என்று பார்த்தால் பரதவர் குடியிருப்பும் பட்டறைத் தெருவும் தனித்தனியே புலப்படும்.

புதுச்சேரியை ஒட்டி அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலர், செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என்று கருதினார். பின்வந்தவர்கள் ஐயம் எழுப்பினார்கள். இப்படிப்பட்ட தொட்டிகளின் அடிமண்ணைத் தனிமவாரியாக அளந்தால் அந்த வாதத்துக்கு வலுவான சான்று கிடைக்கும்.

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் எடுப்பித்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டு பெருமைப்படுகிறது. அதற்கு முன்பிருந்த கோயில்களும் வீடுகளும் செங்கல்லிலும் மரத்திலும் சுதையிலும்தான் எழுந்தன என்று இதில் இருந்து அறிகிறோம். அவை இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் கரைந்த சுதையின் கால்சியம் சுற்றியுள்ள மண்ணில் இருக்கத்தான் செய்யும்.

இன்னொரு பெரிய காரணமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகள், வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, வண்ணாரச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியே குறிக்கின்றன. பெயர் வந்ததோடு சரி, அங்கே வாழ்ந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், என்ன தொழில் செய்தார்கள், எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று எதுவும் இல்லை. அவர்கள் கோயில் கட்டிக் கல்வெட்டுப் பொறிக்கவில்லை, செப்பேடு எழுதிப் புதைக்கவில்லை. கொல்லன் பட்டறை மண்ணில் இருக்கும் உலோகத் துகளும், சேரியின் அடுப்புச் சாம்பலும் அவர்கள் கைப்பட விட்டுச்சென்ற ஆவணம். கோயிலை மட்டும் காத்து நத்தத்தை வெட்ட விட்டால், நாம் காப்பது பாதி வரலாறு மட்டுமே.

மேடு கரைவதற்குள்

பானை ஓடுகள் சிதறிக் கிடக்கும் நத்தமேடுகள் இந்த வட்டாரத்தில் பல ஊர்களில் இருக்கின்றன. அந்த மண் சத்து மிகுந்தது என்று தெரிந்து, வயலுக்கு எருவாக அள்ளிப் போட்ட காலம் ஒன்று இருந்தது. எகிப்திலும் உழவர்கள் பழைய நகரங்களின் மேடுகளை உரத்துக்காகவே வெட்டினார்கள். 1887-ல் அமர்னா மடல்கள் வெளிப்பட்டதும் அப்படித்தான். மாட்டு வண்டியில் அள்ளிய காலத்தில் மேடு மெல்லக் கரைந்தது. இப்போது பொக்லைன் வந்தால் ஒரு மேடு ஒரே வாரத்தில் தரைமட்டமாகிறது. சாலைக்கும் மனைப்பிரிவுக்கும் கிராவல் வேண்டும் என்பதில் தவறில்லை. எந்த மண்ணை எடுக்கிறோம் என்று பார்க்காமல் எடுப்பதுதான் தவறு. கல்வெட்டு உடைந்தால் மைப்படியாவது மிஞ்சியிருக்கும். நத்தமேட்டு மண்ணுக்கு மைப்படி கிடையாது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பானை ஓடு தென்படும் இடத்தில் மண் எடுக்க அனுமதி கொடுக்கும் முன், கட்டம் கட்டி மாதிரி எடுத்து வைப்பதை மாவட்ட நிர்வாகம் நிபந்தனையாக்கலாம். அகழாய்வு நடக்கும் இடங்களில், கன்னி மண் வரை ஒவ்வொரு அடுக்கில் இருந்தும் அரைக் கிலோ மண்ணை இடமும் ஆழமும் குறித்துச் சேமிப்பதைத் தொல்லியல் துறை விதியாக்கலாம். இன்று அளக்க முடியாததை நாளை வரும் கருவி அளக்கும். கீழடியின் சுண்ணச் சாந்தை வேலூர் வி.ஐ.டி.யிலும், எலும்புகளை டெக்கான் கல்லூரியிலும் ஆராய வைத்த துறைக்கு, மண்ணை அருகிலுள்ள வேளாண் ஆய்வகத்துக்கு அனுப்புவது இயலாத காரியம் அல்ல. மண் வள அட்டை எண்களில் காரணமின்றி மணிச்சத்து உயர்ந்து நிற்கும் சர்வே எண்களை வேளாண் துறை பட்டியலிட்டுக் கொடுத்தால், தொல்லியல் துறைக்குத் தேடவேண்டிய இடங்களின் முதல் வரைபடம் கிடைத்துவிடும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அரசு கல்லூரிகளின் வேதியியல், வரலாற்று மாணவர்கள் சேர்ந்து ஆளுக்கொரு ஊரை எடுத்துக்கொண்டால், சில ஆண்டுகளில் இந்த வட்டாரத்தின் பழைய குடியிருப்புகள் எல்லாம் வரைபடத்தில் வந்துவிடும்.

உங்கள் கொல்லையில் எருவே போடாமல் ஒரு துண்டு நிலம் மட்டும் செழித்து விளைகிறதா? உழும்போது கறுப்பு சிவப்பு ஓடுகள் மேலே வருகின்றனவா? அந்த மண்ணை விற்க வேண்டாம், வெட்ட விட வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். உங்கள் ஊரின் பழைய கணக்கு அதில் இருக்கிறது. அதைப் படிக்கும் வரை பத்திரமாக வைத்திருப்பது நம் எல்லோருடைய கடமை.